சுகர் உள்ள பெண்களுக்கு மூச்சு வாங்குவது ஏன்? நடந்தால் மாறுமா?

துவைத்த துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறீர்கள். பாதியிலேயே மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறது. "வயசாச்சு, உடம்பு வேற போட்டாச்சு" என்று சொல்லி விட்டுவிடுகிறீர்கள். உங்களுக்கு டைப் 2 சர்க்கரை நோய் இருந்தால், அந்த இளைப்புக்கு வயதும் எடையும் மட்டுமே காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். சர்க்கரை நோய் நுரையீரலைக் கொஞ்சம் பாதிக்கிறது. நுரையீரல் உள்ளே இழுத்த ஆக்சிஜனைத் தசைகள் எடுத்துக்கொள்ளும் வேகத்தை அதைவிட அதிகமாகக் குறைக்கிறது.

உடற்பயிற்சி இதில் எதை மாற்றும்? தசையின் பக்கத்தை நன்றாகவே மாற்றும். நுரையீரலின் அளவைக் கொஞ்சம்தான் மாற்றும். இதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால், மூன்று மாதம் நடந்த பிறகு நுரையீரல் சோதனை ரிப்போர்ட்டைப் பார்த்து மனம் தளர மாட்டீர்கள்.

"கண், சிறுநீரகம், பாதம் கெடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நுரையீரலுமா?" ஆமாம். ரத்தத்தில் சர்க்கரை வருடக்கணக்கில் அதிகமாக இருந்தால், அது உடம்பின் புரதங்களோடு ஒட்டிக்கொள்கிறது. நுரையீரலுக்கும் நெஞ்சுக்கூட்டுக்கும் நெகிழ்வைத் தரும் புரதங்கள் அப்படி இறுகும்போது, பழைய ரப்பர் பேண்டைப் போல முழுதாக விரிய மறுக்கின்றன. காற்றுப் பைகளைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக் குழாய்களின் சுவரும் தடித்துப்போகிறது. மூச்சை இழுக்கும் தசைகள் சிலருக்குப் பலவீனமாகின்றன. வயிற்றில் சேர்ந்த கொழுப்பு, உதரவிதானம் (நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசை) கீழே இறங்க விடாமல் தடுக்கிறது.

எவ்வளவு குறையும்? 40 ஆய்வுகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு 2010-ல் வந்தது. சர்க்கரை நோய் உள்ளவர்களின் மூச்சளவு, இல்லாதவர்களைவிடச் சராசரியாக 5 முதல் 6 சதவீதம் குறைவு. காற்றிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடந்துபோகும் திறன் சுமார் 7 சதவீதம் குறைவு. நுரையீரலுக்குக் கையிருப்பு நிறைய உண்டு. ஆகவே சும்மா உட்கார்ந்திருக்கும்போது இந்தக் குறைவு தெரியாது. பயப்பட வேண்டிய எண்களும் இல்லை.

அப்படியானால் மாடியில் ஏன் அவ்வளவு இளைக்கிறது? இதற்குப் பெண்களை மட்டும் வைத்துச் செய்த நல்ல ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஜூடித் ரெகன்ஸ்டைனரின் குழு 1990-களில், டைப் 2 சர்க்கரை உள்ள பெண்களையும், சர்க்கரை இல்லாத அதே எடையுள்ள பெண்களையும் பயிற்சி செய்யவைத்து அளந்தது. சர்க்கரை உள்ளவர்களின் உடம்பு எடுத்துக்கொண்ட ஆக்சிஜனின் உச்ச அளவும் குறைவு. பயிற்சி தொடங்கியதும் அந்த அளவு ஏறும் வேகமும் மெதுவு. எடை ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். குண்டாக இருப்பதால் மட்டும் வந்த குறை அல்ல இது.

முதல் சில நிமிடங்களில் தசைக்கு ஆக்சிஜன் தாமதமாக வந்து சேர்வதால்தான் மாடிப்படி, சட்டென்று வேகமாக நடப்பது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது போன்ற குறுகிய வேலைகள் மலையாகத் தெரிகின்றன. சோம்பேறித்தனம் என்று வீட்டில் யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அதே குழு 1999-ல் வெளியிட்ட அடுத்த ஆய்வு நம்பிக்கை தருவது. மூன்று மாதம் மேற்பார்வையோடு பயிற்சி செய்த சர்க்கரை நோயுள்ள பெண்களின் உச்ச ஆக்சிஜன் அளவு கால் பங்குக்கும் மேல் கூடியது. ஏறும் வேகமும் சீரடைந்தது. பங்கேற்றவர்கள் சிலரே என்பதால் இது கடைசி வார்த்தை அல்ல. ஆனாலும் மூன்று மாதம் என்பது நீண்ட காலமில்லை. கிடைத்த பலனோ பெரியது.

"என் நுரையீரலே பெரிதாகிவிடுமா?" ஆகாது. எட்டு வாரம், பன்னிரண்டு வாரம் என்று பல நாடுகளில் சிறு ஆய்வுகள் நடந்திருக்கின்றன. சிலவற்றில் மூச்சளவு கொஞ்சம் கூடியது, சிலவற்றில் கூடவில்லை. மூச்சை இழுக்கும் தசைகளுக்கென்று தனிக் கருவி வைத்துப் பயிற்சி தந்தால் அந்தத் தசைகளின் வலு கூடுகிறது. பிரேசிலில் 2011-ல் வெளியான ஆய்வு அதைக் காட்டியது. ஆனால் அதனால் மட்டும் ஓடியாடும் திறன் உயரவில்லை. காசு கொடுத்து அந்தக் கருவியை வாங்குவதற்கு முன்னால் நடக்கத் தொடங்குங்கள் என்பேன்.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. மூச்சு வாங்குவதைச் சர்க்கரையின் கணக்கில் எழுதிவிட்டு மருத்துவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. சர்க்கரை உள்ள பெண்களுக்கு மாரடைப்பு, நெஞ்சுவலி இல்லாமலே வரலாம். புதிதாக வந்த இளைப்பு, காரணமில்லாத அசதி, தாடையிலோ முதுகிலோ வலி, குமட்டல், குளிர் வியர்வை என்றும் அது தெரியலாம். போன மாதம் ஏறிய மாடியை இந்த மாதம் ஏற முடியவில்லை என்றால், படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றால், கால் வீங்குகிறது என்றால், பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் இதயத்தைப் பார்த்துவிடுங்கள். நெஞ்சு இறுக்கமும் மூச்சுத் திணறலும் ஒன்றாக வந்தால் உடனே 911-ஐ அழையுங்கள். கணவரின் மீட்டிங் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நம் பெண்களிடம் அடிக்கடி தப்பிப்போகும் இன்னொரு காரணம் ரத்தசோகை. மெட்ஃபார்மின் மாத்திரையை வருடக்கணக்கில் எடுத்தால் பி12 வைட்டமின் குறையலாம். சைவம் சாப்பிடுபவர்களுக்கு அது ஏற்கெனவே குறைவாகத்தான் இருக்கும். மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்தும் சேர்ந்து குறையும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் (ஆக்சிஜனைச் சுமக்கும் புரதம்) போதாவிட்டால் எவ்வளவு நடந்தாலும் இளைக்கும். அடுத்த ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், இரும்பு, பி12, தைராய்டு நான்கையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

இங்கே அமெரிக்காவில் மருத்துவர் "புகைபிடிப்பீர்களா?" என்று கேட்பார். "இல்லை" என்பீர்கள். பேச்சு அதோடு முடிந்துவிடும். ஆனால் நீங்களோ உங்கள் அம்மாவோ ஊரில் பல வருடம் விறகடுப்பில் சமைத்திருந்தால், அந்தப் புகை சிகரெட்டைப் போலவே மூச்சுக்குழாயைச் சுருக்கியிருக்கலாம். சின்ன வயதில் காசநோய் வந்து குணமாகியிருந்தாலும் நுரையீரலில் தழும்பு இருக்கலாம். இந்த இரண்டையும் அவர் கேட்கமாட்டார், நீங்களாகவே சொல்ல வேண்டும்.

ஸ்பைரோமெட்ரி (ஒரு குழாயில் ஊதி மூச்சை அளக்கும் சோதனை) எழுதிக்கொடுத்தால் தயங்க வேண்டாம். ஊசி கிடையாது. மூக்கில் கிளிப் மாட்டி, மூச்சை முழுக்க இழுத்து, முழு வேகத்தில் வெளியே ஊதித் தள்ளச் சொல்வார்கள். குறைந்தது மூன்று முறை செய்யவைப்பார்கள். வெட்கப்பட்டு மெதுவாக ஊதினால் கணக்கு தப்பாக வரும்.

ரிப்போர்ட்டில் எதைப் பார்ப்பது? மொத்தம் எத்தனை லிட்டர் ஊதினீர்கள், முதல் ஒரு வினாடியில் எத்தனை லிட்டர் என்ற இரண்டும் முக்கியம். பக்கத்தில் ஒரு சதவீதம் இருக்கும். அது உங்கள் வயது, உயரம், பாலினத்துக்கு எதிர்பார்க்கும் அளவோடு ஒப்பிட்டது. முன்பு இந்த ஒப்பீட்டில் இனத்தையும் சேர்த்தார்கள். அமெரிக்க நெஞ்சக மருத்துவச் சங்கம் 2023-ல், இனம் பார்க்காத பொதுக் கணக்கையே எல்லோருக்கும் பயன்படுத்தச் சொன்னது. எல்லா இடமும் ஒரே நேரத்தில் மாறிவிடாது. ஆகவே சதவீதம் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ, கணக்கு மாறியதா என்று கேளுங்கள். உங்கள் பழைய லிட்டரோடு புதிய லிட்டரை ஒப்பிடுவது நம்பகமானது.

"நான் ஒல்லிதானே, எனக்கு இதெல்லாம் எதற்கு?" சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர்களை 2010 முதல் தொடர்ந்து பார்க்கும் 'மசாலா' ஆய்வில், முதலில் சேர்ந்த 906 பேரில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. நமக்கு அதிக எடை இல்லாமலே வருகிறது. அதனால்தான் அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015 முதல், ஆசியர்களுக்கு உடல்நிறைக் குறியீடு (உயரத்துக்கு ஏற்ற எடைக் கணக்கு) 23-ஐத் தொட்டாலே சோதிக்கச் சொல்கிறது. ஐந்தடி இரண்டு அங்குல உயரமுள்ள பெண்ணுக்கு அது சுமார் 126 பவுண்டு. கண்ணாடியில் பார்த்தால் ஒல்லி என்றே தோன்றும்.

சரி, எப்படித் தொடங்குவது? சாப்பிட்டு எழுந்ததும் பத்து நிமிட நடை. மூன்று வேளையும். நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழகம் 2016-ல் வெளியிட்ட ஆய்வில், நாளின் ஏதோ ஒரு நேரத்தில் முப்பது நிமிடம் நடந்தபோது இருந்ததைவிட, ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தபோது, சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரியாக 12 சதவீதம் குறைவாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பலன் அதிகம். நம் வீடுகளில் இட்லியோ தோசையோ எட்டரை மணிக்குச் சாப்பிட்டு நேரே சோபாவில் சாய்கிறோம். அந்தப் பத்து நிமிடத்தை மீட்டுக்கொள்ளுங்கள். வெளியே போக முடியாத நாளில் வீட்டுக்குள்ளேயே நடக்கலாம்.

எவ்வளவு வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இதுவே போதுமான அளவுகோல். ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு சரியாக ஏறாது. அவர்கள் கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையை நம்பலாம்.

இலக்கு, வாரத்துக்கு 150 நிமிடம். தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடக் கூடாது. காரணம் உண்டு. ஒருமுறை பயிற்சி செய்தால் இன்சுலின் நன்றாக வேலை செய்யும் நிலை ஒன்று முதல் மூன்று நாள்வரைதான் நீடிக்கும். சனி, ஞாயிறு மட்டும் இரண்டு மணி நேரம் நடந்துவிட்டு வாரம் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்தால் அந்தப் பலன் வியாழனுக்குள் தீர்ந்துபோகும்.

"நடந்தால் மட்டும் போதுமா?" போதாது. இங்கேதான் நம் பெண்கள் பெரும்பாலும் தவறவிடுகிறார்கள். நம் டெக்சாஸுக்குப் பக்கத்து மாநிலமான லூசியானாவில், பேட்டன் ரூஜ் நகரத்தில், 262 பேரை ஒன்பது மாதம் பயிற்சி செய்யவைத்த ஆய்வு 2010-ல் வெளியானது. பாதிக்கு மேற்பட்டவர்கள் பெண்கள். நடையையும் எடைப் பயிற்சியையும் சேர்த்துச் செய்தவர்களுக்குத்தான் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை குறிப்பிடத்தக்க அளவு இறங்கியது. ஒன்றை மட்டும் செய்தவர்களுக்கு அந்த அளவுக்கு இறங்கவில்லை. சாப்பிட்ட சர்க்கரையைப் பெருமளவில் உள்ளே வாங்கிக்கொள்வது தசை. தசை குறைந்தால் அது போக இடமில்லை. எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்பவர்களுக்குக் கொழுப்போடு தசையும் கரைகிறது. அவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஜிம்முக்குப் போகக் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். நாற்காலியில் கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் கைகளை ஊன்றி முன்னும் பின்னும் தள்ளுங்கள். ஒரு கேலன் பால் கேனில் பாதி தண்ணீர் ஊற்றினால் நான்கு பவுண்டுக்குச் சற்று மேல் வரும், அதைத் தூக்கி இறக்கலாம். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள் போதும். தூக்கும்போது மூச்சை அடக்காமல் வெளியே விடுங்கள். கண்ணின் விழித்திரையில் சர்க்கரையால் ரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்திருக்கின்றன, கசிவு இருக்கிறது என்று சொல்லியிருந்தால், கண் மருத்துவர் சரி என்று சொல்லும்வரை கனமாக எதையும் தூக்க வேண்டாம்.

ஹூஸ்டனை அடுத்த நம் சுகர் லேண்டில் வெளியே நடப்பதற்கு இரண்டு தடைகள்: வெயிலும் ஓசோனும். ஓசோன் என்பது வண்டிப் புகையும் தொழிற்சாலைப் புகையும் வெயிலில் வெந்து உண்டாகும் வாயு. ஹூஸ்டன் வட்டாரத்துக்கு இது பழைய பிரச்சினை. கண்ணுக்குத் தெரியாது, மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். மதியத்திலிருந்து மாலைவரை அதிகம், காலையில் குறைவு. ஊர்ப் பழக்கத்தில் மாலை ஐந்து மணிக்கு நடக்கப் போகிறவர்கள், கோடையில் அந்த நேரத்தை மாற்றுவது நல்லது. 'ஏர்நவ்' செயலியில் காற்றின் தரம் ஆரஞ்சு நிறம் காட்டினால், அதாவது 100-ஐத் தாண்டினால், வெளிநடையை விட்டுவிடுங்கள்.

அந்த நாட்களில் ஃபர்ஸ்ட் காலனி மாலுக்குள் நடக்கலாம். மற்ற நாட்களில் விடிந்ததும் மெமோரியல் பார்க் பாதையோ, ஆய்ஸ்டர் க்ரீக் பார்க்கோ வசதி. ஜூலையில் காலை ஆறு மணிக்கும் காற்று ஈரமாகத்தான் இருக்கும், வியர்வை காயாது. தண்ணீர் கையில் இருக்கட்டும். எம்பாக்ளிஃப்ளோசின், டாபாக்ளிஃப்ளோசின் போன்று சிறுநீரில் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் சீக்கிரம் குறையும், கூடுதல் கவனம் வேண்டும்.

நடக்கும்போது சுகர் இறங்கிவிடாதா? மெட்ஃபார்மின் மட்டும் எடுத்தால் அந்தப் பயம் மிகக் குறைவு. இன்சுலினோ, கிளிமெபிரைடு போன்ற மாத்திரையோ எடுத்தால் கிளம்பும் முன் சோதியுங்கள். 90-க்குக் கீழே இருந்தால் ஒரு சின்ன வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை வந்து 70-க்குக் கீழே காட்டினால் உடனே நின்று அரைக் கப் ஜூஸ் குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். 250-க்கு மேல் இருந்து உடம்பும் சரியில்லை என்றால் அன்று பயிற்சி வேண்டாம்.

பாதத்தை மறக்கக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலுக்குச் சுடுவது தெரியாது. டெக்சாஸ் வெயிலில் சிமெண்டுத் தரை சில நிமிடங்களிலேயே கொப்புளம் போடவைக்கும். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்குக் கோடையில் மதியம் போனால் பருத்திச் சாக்ஸ் அணிந்து நடங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள்.

"பிராணாயாமம் செய்கிறேனே, அது போதாதா?" செய்யுங்கள். மூச்சுத் தசைக்கும் மனசுக்கும் நல்லது. ஆனால் உட்கார்ந்தபடி மூச்சை இழுத்து விடும்போது கால் தசை வேலை செய்வதில்லை. சர்க்கரையை வாங்கிக்கொள்ள வேண்டியது அதுதான். நடையோடு சேர்த்துக்கொள்ளுங்கள், நடைக்குப் பதிலாக வைக்காதீர்கள்.

ஊரிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருக்கும் அம்மாவோ மாமியாரோ வீட்டில் இருந்தால், அவர்கள் கொண்டுவந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரையாக இருக்கும். அதில் கிளிமெபிரைடு இருந்தால் வெறும் வயிற்றில் நடக்கவிடக் கூடாது. வில்டாகிளிப்டின் இருந்தால், அது அமெரிக்காவில் விற்பனைக்கு இல்லாத மருந்து. அவசர சிகிச்சைப் பிரிவில் பெயரைச் சொன்னால் புரியாமல் போகலாம். மருந்துகளின் பெயரையும் அளவையும் ஆங்கிலத்தில் எழுதி அவர்கள் கைப்பையில் வையுங்கள். ஊரில் கடைக்கும் கோயிலுக்கும் நடந்தே போனவர்கள் இங்கே நான்கு சுவருக்குள் முடங்கிவிடுகிறார்கள், சர்க்கரை அதனாலேயே ஏறுகிறது. இரவுச் சாப்பாடு முடிந்ததும் அவர்களையும் கூட்டிக்கொண்டு தெருமுனைவரை போய் வாருங்கள்.

பலன் தெரிவதை எப்படி அறிவது? தொடங்கும் நாளில், சமமான பாதையில் ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறீர்கள் என்று போனில் பார்த்துக் குறித்துவையுங்கள். மாடி ஏறி முடித்ததும் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்பதையும் குறியுங்கள். பன்னிரண்டு வாரம் கழித்து அதே பாதை, அதே மாடி. ஸ்பைரோமெட்ரி எண் அசையாமல் இருந்தாலும், இந்த இரண்டும் மாறியிருக்கும் வாய்ப்பு அதிகம். இரண்டும் மாறவில்லை, முயற்சியிலும் குறையில்லை என்றால், இதயத்தையும் ரத்தசோகையையும் மறுபடி பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் அந்தக் குறிப்பையே காட்டுங்கள்.

இடையில் ஒரு மாதம் ஊருக்குப் போக நேர்ந்தால்? இரண்டு மூன்று வாரம் முழுதாக விட்டால் சேர்த்த திறன் இறங்கத் தொடங்கும். கல்யாண வீடு, உறவினர் வீடு என்று அலைச்சல் இருந்தாலும் சாப்பாட்டுக்குப் பிறகான பத்து நிமிடத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வெளியே வண்டிப் புகையும் நாய்த் தொல்லையும் இருந்தால் மொட்டைமாடியில் நடக்கலாம். திரும்பி வந்ததும் விட்ட வேகத்தில் தொடங்காமல், முதல் வாரம் பழைய நேரத்தில் பாதி போதும்.